கல் தடுப்போரம் உடையும் அலை: கொழும்புக் கரையில் சர்ஃபிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்ஃபிங் போர்டை, அதாவது அலைமேல் ஏறி ஓடும் பலகையை, தலையில் வைத்துக்கொண்டு ரயில் பாதையைக் கடந்தால் போதும், யாராவது ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்பார். விடிய நடக்க வரும் ஐயாமார், தூண்டில் போட வந்தவர்கள், என் அக்காவின் மகன், அவனுடைய வகுப்புப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் என்று ஆட்கள்தான் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே என் பதிலையும் வைத்திருக்கிறேன். நான் பயிற்றுநர் இல்லை. முப்பத்தெட்டு வயதில் பழகத் தொடங்கி, இன்றைக்கும் பாதி நாள் விழுந்து உருண்டே கரைக்கு வருகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அண்ணா, கொழும்பில் சர்ஃபிங் செய்கிற அளவுக்கு அலை இருக்கிறதா? எல்லாரும் தென்கரை வெலிகமவுக்கும் கிழக்குக் கரை அறுகம்பைக்கும் தானே போகிறார்கள்?

இருக்கிறது, ஆனால் தினமும் இல்லை. வெலிகமவில் பருவம் தொடங்கினால் அநேகமாக எந்த நாள் போனாலும் பழகுவதற்கு ஓர் அலை கிடைக்கும். இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. தொடர்ந்து நான்கு நாள் நன்றாக இருக்கும், பிறகு இரண்டு கிழமை கடல் தட்டையாகக் கிடக்கும், அல்லது கலங்கிப்போய்க் கொந்தளிக்கும். கொழும்பின் நன்மை ஒன்றுதான்: அலுவலகத்துக்கு முன் போய்வரலாம்.

இடமும் முக்கியம். வெள்ளவத்தைப் பக்கம் பல இடங்களில் தண்ணீருக்கு அடியில் மணற்கல் பாறை இருக்கிறது, பழகுகிறவருக்கு அது சரிவராது. தெற்கே கல்கிசைப் பக்கம் போகப் போக மணல் கூடும். நாங்கள் போகும் இடம் எது என்று கேட்காதீர்கள். ஒளிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மணல் நகர்ந்தால் அந்த இடமும் இல்லாமல் போகும். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அந்தக் கல்லை ஏன் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கிறார்கள்? அதைத்தான் ஜெட்டி என்கிறார்களா?

ஜெட்டி என்றால் எங்களுக்குப் படகு கட்டும் இறங்குதுறை. வெளிநாட்டு சர்ஃபர்கள் துறைமுக வாயில் கல் அணையையும் ஜெட்டி என்பார்கள், கரையிலிருந்து குறுக்கே நீளும் கல் வரிசையையும் ஜெட்டி என்பார்கள். குழப்பம் வேண்டாம் என்று நாங்கள் 'கல் தடுப்பு' என்றே சொல்கிறோம். கரைக்கு இணையாக ரயில் பாதை ஓரம் கொட்டியிருக்கும் கல் வேறு. அது பாதையை அலை அரிக்காமல் காப்பதற்கு. குறுக்கே நீளும் கல், நகரும் மணலைப் பிடித்து வைப்பதற்கு.

ஆம், மணல் நகரும். எங்கள் மேற்குக் கரையில் அலை பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து சரிவாக வந்து மோதுவதால், வருட மொத்தத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைக்குப் போனவர்கள் இதைப் பெரிய அளவில் பார்த்திருப்பீர்கள். துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் அலை ஒழுங்காக உடைகிறது?

இதை விளங்கிக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு விடை வந்துவிடும். அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீற்றர் அலை 1.3 மீற்றர் தண்ணீரில் உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான வெறும் கரையில் ஆழம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைவதால், அலை முழு நீளத்துக்கும் ஒரேயடியாகப் 'படார்' என்று சாத்திக்கொள்ளும். அதில் ஏறி எங்கும் போக முடியாது, நேரே கீழேதான்.

கல் தடுப்போரம் கதை வேறு. கரையோடு ஓடிவரும் நீரோட்டம் கல்லில் முட்டி, கல்லை ஒட்டியே கடலுக்குத் திரும்புகிறது. திரும்பும்போது அடி மணலைத் தோண்டி ஒரு வாய்க்கால் செய்கிறது. தோண்டிய மணல் வாய்க்காலின் பக்கத்தில் திட்டாகப் படிகிறது. இப்போது அலை மணல் திட்டின் மேல் உடையத் தொடங்கி, வாய்க்காலை நோக்கி ஒரு பக்கமாகச் சுருண்டு போகிறது. சுருளுக்குப் பக்கத்தில் இன்னும் உடையாமல் இருக்கும் சரிவைத் தோள் என்போம், அதுதான் நாங்கள் ஓடும் இடம். கல்லில் மோதித் திரும்பும் அலையும் அடுத்த அலையோடு சேர்ந்து அதை ஒரு முனையில் உயர்த்திவிடும்.

இது ஏதோ எங்கள் ஊர்ச் சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். சர்ஃபிங் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, 2021 ஜூலையில், ஜப்பானின் சுரிகசாகி கடற்கரையில்தான் போட்டி நடந்தது. அதுவும் கல் தடுப்புகள் மணலைப் பிடித்துவைத்திருக்கும் கரைதான்.

எந்த மாதம் நல்லது? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்று எல்லா இடமும் போட்டிருக்கிறது.

தென்கரைக்கு அது சரி, கொழும்புக்கு அரைவாசி சரி. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அலை கண்ணாடி போல இருக்கும், ஆனால் சின்னது. காலியைத் தாண்டிய கரை தெற்கைப் பார்த்திருக்கிறது, தென்கடல் அலையை நேரே வாங்குகிறது. கொழும்பு மேற்கைப் பார்த்திருப்பதால் அதே அலை வளைந்து வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி. அப்போது அலை பெரிது, ஆனால் சோளகக் காற்று அதைக் குதறிப்போடும். அந்த மாதங்களில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பஸ் பிடித்து அறுகம்பைக்குப் போய்விடுவார்கள்.

என் கணக்கில் கொழும்புக்கு நல்ல காலம் இரண்டு பருவத்துக்கும் நடுவே: மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் கடைசி வரை, அப்புறம் சோளகம் ஓய்ந்த ஒக்டோபர், நவம்பர். தென்கடலில் அலைக்கு வலு இருக்கும், இங்கே காற்று அடங்கியிருக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் பின்னேரத்தில் இடி மின்னல் கடுமை. முதல் இடி கேட்டவுடன் கரையேறுங்கள். 'இன்னும் ஓர் அலை' என்று நிற்கிறவரோடு நீங்களும் நிற்க வேண்டாம்.

காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

தெற்கே வெகு தூரத்திலிருந்து. தென் இந்து சமுத்திரத்தில், அகலாங்கு 40, 50 பாகைப் பக்கம் அடிக்கும் புயல்தான் அதன் தாய்வீடு. அங்கே பிறந்த அலை, ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 14 விநாடி என்ற இடைவெளியோடு புறப்பட்டால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். கொழும்புக்கு வந்துசேர ஐந்தாறு நாள் ஆகும். பக்கத்துக் காற்று எழுப்பும் அலைக்கு இடைவெளி 5, 6 விநாடிதான்.

இந்த இடைவெளியை அலட்சியம் செய்யாதீர்கள். 6 விநாடி அலையில் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே சுமார் 55 மீற்றர். 14 விநாடி அலையில் 300 மீற்றருக்கு மேல். கரைக்கு வந்ததும் முன்னது நுரையாகக் கரைந்துவிடும், பின்னது நிமிர்ந்து எழும். ஒரே உயரம் என்று எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கைக்கடிகாரத்தை வைத்துப் பத்து அலையை எண்ணிப் பாருங்கள், செலவில்லாத கருவி அது.

ஃபோன்ல அலை ஒன்றரை மீற்றர் எண்டு காட்டுது, போய்ப் பார்த்தா முழங்கால் அளவுதான். அந்த ஆப் பொய்தானே?

பொய் இல்லை, அது வேறு இடத்தைச் சொல்கிறது. அந்த உயரம் திறந்த கடலுக்கான கணக்கு. அதுவும் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் சில அலைகள் அந்த எண்ணைப் போல இரு மடங்கு வரை வரலாம், பல அதைவிடச் சின்னவை. கல்லின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், மணல் திட்டு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் செயலிக்குத் தெரியாது.

நான் நான்கு விடயம் பார்ப்பேன்: அலையின் உயரம், இடைவெளி, திசை, காற்று. 1 மீற்றர், 13 விநாடி, தென்மேற்கு, கீழ்க்காற்று (கிழக்கே நிலத்திலிருந்து வருவது) என்று இருந்தால் அலாரம் வைப்பேன். 2 மீற்றர், 6 விநாடி, மேல்காற்று (மேற்கே கடலிலிருந்து வருவது) என்றால் தூங்குவேன். திசை முழுத் தெற்காக இருந்தால் கொழும்புக்கு அதில் மிச்சம்தான் வரும், காரணம் பருவம் பற்றிய பதிலில் இருக்கிறது.

விடியக் காலைதான் போக வேண்டுமா? வேலை முடிந்து பின்னேரம் வந்தால் சரிவராதா?

வரலாம், ஆனால் பின்னேரம் அதிர்ஷ்டம் வேண்டும். இரவில் நிலம் குளிர்ந்து, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அது அலையின் முகத்தை எதிர்த்து நிமிர்த்திப் பிடிக்கும். பத்துப் பதினொரு மணிக்கு நிலம் சூடானதும் காற்று திரும்பிவிடும், கடல் முகம் சுருங்கிப்போகும். மழை பெய்து ஓய்ந்த சில பின்னேரங்களில் காற்று அடியோடு நின்றுவிடும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் யாருக்கும் சொல்லாமல் போய்விடுங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.

வற்றுப்பெருக்கு நேரம் பார்க்க வேண்டுமா? கொழும்பில் அது பெரிதாக ஒன்றும் இல்லையே?

சின்னதுதான். பௌர்ணமி, அமாவாசை நாளிலும் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரை எட்டாது. ஆனால் மேலே சொன்ன 1.3 மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீர் நிற்கும் மணல் திட்டில் 40 சென்ரிமீற்றர் ஏறினால் சின்ன அலை உடையாமலே தாண்டிக் கரையில் போய் மோதும். எங்கள் இடத்தில் பாதி வற்றிய நேரம் நல்லது. உங்கள் இடத்தில் எப்போது என்பதை நாலைந்து தரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், கூட்டம்தான் பெரிய பெருக்கு.

கல் தடுப்பு இருக்கிற இடம் பாதுகாப்பானது தானே? அலை அடங்கியிருக்கிறது, பிள்ளையை அங்கேயே குளிக்க விடலாமா?

விட வேண்டாம். இந்த முழுப் பக்கத்தையும் எழுத வைத்தது இந்தக் கேள்விதான். 'தடுப்பு' என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. அது தடுப்பது மணலை. காப்பது கரையை. உள்ளே நிற்கும் ஆளை அது காக்காது.

கல்லோரம் ஓடும் வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் இருண்டு அமைதியாகத் தெரியும். பிள்ளையோடு வந்த அம்மா அப்பாவுக்கு அதுதான் நல்ல இடமாகத் தோன்றும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வாசல் அது. அலைக்கு நல்ல வடிவம் கொடுப்பதும் ஆளை இழுப்பதும் ஒரே வாய்க்கால். தெற்குப் பக்கம் நீரோட்டம் கல்லில் முட்டித் திரும்புவதால் இழுவை. வடக்குப் பக்கம், கல்லின் மறைவில் அலை சின்னதாகவும் தள்ளி அலை பெரிதாகவும் இருப்பதால், தண்ணீர் மறைவை நோக்கி ஓடிவந்து அங்கேயும் வெளியே போகிறது. எந்தப் பக்கமும் விலக்கல்ல.

சோளகக் காலத்தில் வடக்குப் பக்கம் காற்று மறைவு இருப்பதால் நாங்களும் அங்கே போவதுண்டு. அது காலில் கயிறு கட்டிய போர்டோடு போவது. பிள்ளையைக் குளிக்க விடுவது என்றால் கல்லிலிருந்து நன்றாகத் தள்ளி, உயிர்காப்பாளர் பார்வையில் இருக்கும் இடத்தில் விடுங்கள். கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் இருக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்குக் கரையில் இறால் வடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? பக்கவாட்டில் நீந்து என்கிறார்கள், எந்தப் பக்கம்?

கரையை நோக்கி நேரே நீந்தாதீர்கள், அதில்தான் ஆட்கள் களைத்து முடிகிறார்கள். பக்கவாட்டில் என்பது சரி. ஆனால் கல் தடுப்பில் உங்களுக்கு இருப்பது ஒரே பக்கம், கல்லுக்கு எதிர்ப்பக்கம். கல்லைப் பிடித்து ஏறலாம் என்று நினைப்பது மோசமான யோசனை. பாசியும் சிப்பியும் பிடித்த கல்லில் அலை உங்களைத் தேய்க்கும். என் இடது முழங்காலில் முதல் வருடத்துத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இழுவை பலமாக இருந்தால் பக்கவாட்டில்கூட முதலில் நகர முடியாது, ஏனென்றால் கரையோட்டமே உங்களைக் கல்லை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது மிதந்துகொண்டிருங்கள், ஒரு கையை உயர்த்துங்கள், விட்டுக்கொடுங்கள். கல்லின் நுனி தாண்டியதும் அதன் வலு குறையும். பிறகு கல்லைவிட்டு விலகி, அலை உடைகிற இடத்தைப் பார்த்து வளைந்து வாருங்கள். நுரை இருக்கும் இடத்தில் ஆழம் குறைவு, அது உங்களைக் கரைக்குத் தள்ளும். போர்டு இருந்தால் அதை விடவே வேண்டாம். கரையில் நிற்பவர் செய்ய வேண்டியது: பாய்ந்து இறங்காமல், மிதக்கக்கூடிய எதையாவது எறிந்துவிட்டு 119க்கு அழைப்பது. அம்புலன்ஸ் 1990.

கல்லின் நுனியிலிருந்து குதித்துப் போகிறார்களே, நானும் போகலாமா?

வேண்டாம். அவர்கள் அலைக்கூட்டத்தின் இடைவெளியை எண்ணி, கால் வைக்கும் கல் எதுவென்று தெரிந்து போகிறவர்கள். பழகிய சர்ஃபர்கள் அந்த இழுவையையே லிஃப்ட் மாதிரிப் பாவித்து வெளியே போவதும் உண்டு. உங்கள் முதல் வருடத்தில் மணலில் நடந்து இறங்குங்கள்.

முதல் போர்டு என்ன வாங்குவது?

வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். 8 அல்லது 9 அடி ஃபோம் போர்டு, கால் கயிறு நல்லதாக இருக்க வேண்டும். சின்ன போர்டு பார்க்க அழகு, மிதக்காது. அலைக்கும் உங்களுக்கும் நடுவே போர்டை வைக்காதீர்கள், அது வந்து முகத்தில் அடிக்கும். விழும்போது தட்டையாக விழுந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு எழும்புங்கள்.

கொழும்புத் தண்ணீரில் இறங்கலாமா? கால்வாய் வந்து சேர்கிறதே.

நல்ல கேள்வி, குறைவாகக் கேட்கப்படும் கேள்வி. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய்கள் கடலில் விழுகின்றன. பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் நான் இறங்குவதில்லை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம் இல்லை, எலிக்காய்ச்சலை இலங்கையில் யாரும் விளையாட்டாக எடுக்கக்கூடாது. தண்ணீர் பழுப்பாக இருந்து மணம் வந்தால் அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டுக்குப் போங்கள்.

2021 மேயில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகள் பயறளவில் வெள்ளையாக இருக்கும். மணலைக் கிண்டிய பிள்ளைகள் அதைச் சிப்பி என்று பொறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மகள், பதினான்கு வயது. அனுப்பலாமா? உடுப்பு ஒரு பிரச்சினை.

அன்ரி, உடுப்பு பிரச்சினையே இல்லை. முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் போதும். வெயிலுக்கும் போர்டு உரசலுக்கும் நாங்களே அப்படித்தான் போடுகிறோம். அறுகம்பையில் 2018இலேயே நாட்டின் முதல் பெண்கள் சர்ஃப் கழகம் தொடங்கிவிட்டது. பார்க்க வேண்டியது ஒன்றுதான், அவளுக்கு நீந்தத் தெரியுமா? ஆழத்தில் பத்து நிமிடம் பதறாமல் மிதக்க முடிந்தால் அனுப்புங்கள். அப்புறம், ரயில் பாதையைக் கடக்கும்போது காதில் எதுவும் மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அலைச் சத்தத்தில் ரயிலே கேட்காது.

தூண்டில்காரரோடு சண்டை வராதா?

வந்திருக்கிறது, தப்பு எங்கள் பக்கம். அவர்கள் கல்லில் நிற்கும்போது நாங்கள் தூண்டில் நரம்பு விழும் தூரத்துக்குள் போகக்கூடாது. படகு இறங்கினாலும் வலை இழுத்தாலும் வழி அவர்களுக்கு. தண்ணீருக்குள் எங்களுக்குள்ளே உள்ள ஒழுங்கு வேறு: அலை முதலில் உடையும் இடத்துக்கு மிகக் கிட்ட இருப்பவருக்கே அந்த அலை.

போன வருடம் அருமையாக உடைந்த இடத்தில் இந்த வருடம் ஒன்றுமே இல்லை. கல் அங்கேயேதானே இருக்கிறது?

கல் இருக்கிறது, மணல் போய்விட்டது. ஒரு சோளகப் பருவம் திட்டை அடியோடு மாற்றிவிடும். ஆற்றில் மணல் அள்ளுவதால், தெற்கே களு கங்கை கடலுக்குக் கொண்டுவரும் மணல் குறைகிறது. ஒரு கல் தடுப்பில் மணல் நிரம்பி வழிந்தால் அது நுனியைச் சுற்றி வடக்கே போய் வேறோர் இடத்தில் திட்டாகும். 2020இல் கல்கிசைப் பக்கம் கரையில் மணல் கொட்டி, அதில் ஒரு பகுதியைச் சீக்கிரமே அலை கொண்டுபோனபோது பெரிய சர்ச்சை நடந்தது நினைவிருக்கும். மணல் எங்கே போனது என்று எல்லாரும் கேட்டார்கள். கடலுக்குள் இருப்பவர்களுக்கு அதில் கொஞ்சம் காலில் பட்டது.

அதனால் ஒவ்வொரு ஒக்டோபரிலும் நான் போர்டு இல்லாமல் ஒரு நாள் போவேன். கல்லின் மேல் கால் மணித்தியாலம் உட்கார்ந்து எங்கே வெள்ளை, எங்கே இருட்டு, அலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். பக்கத்தில் தூண்டில் போடும் ஐயாவிடம் 'இந்த முறை குழி எந்தப் பக்கம்?' என்று கேட்பேன். அவருக்கு மீனுக்காகத் தெரிய வேண்டிய அதே குழிதான் எனக்கும் தெரிய வேண்டும். போன முறை அவர் வாய் திறக்கவில்லை, நாடியால் வடக்கே காட்டினார்.